ஞாயிற்றுக்கிழமை நிழல்

உங்கள் கையில் கொடுத்திருக்கும் நோட்டீஸைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில், ‘உரத்தொட்டியை நிழலான இடத்தில் வைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். படிக்க எவ்வளவு எளிது! அந்த ஒரு வரியை நம்பியதால், எஸ்தர் என்கிற பெண், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளோடு வீட்டைக் காலி செய்யும் நிலைக்கு வந்தாள். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டால் நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தால், ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். துணியில் ஓட்டை தேடிய கண்ணை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், சமையலறைக் கழிவைத் தொட்டியில் போட்டு உரமாக்கச் சொல்லிக்கொடுத்தேன். திட்டு வாங்காத தெரு கிடையாது. இதே வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்களும் வாங்குவீர்கள், கவலைப்படாதீர்கள்.

எஸ்தரிடம் வருவதற்கு முன் சாமளாபுரத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிறவர். நிழல் என்று நாம் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே, குளியலறைச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்துவிட்டார். பொழுது விடிந்தால் அடையும் வரை அங்கே ஒரு கீற்று வெயில் விழாது. சுவர் எப்போதும் ஈரம். கோடையில் எப்படியோ ஓடிவிட்டது. ஐப்பசி மழை பிடித்ததும் உள்ளே இருந்ததெல்லாம் கூழாகி, வெள்ளைப் புழு கிளம்பிவிட்டது. மனிதர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். “அம்மிணி, உங்க புழு எங்க சாமி ரூம் வரைக்கும் வந்துருச்சுங்க. கொஞ்சம் கூட்டிட்டுப் போயிடறீங்களா?”

நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது அடியைவிட வலிக்கும். அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அந்தத் தொட்டியைக் கழுவியபோது ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டேன். வெயிலே படாத இடமும் ஆகாது. ஈரம் காய்வதற்குக் கொஞ்சமாவது வெயில் வேண்டும்.

இப்போது எஸ்தர் கதைக்கு வருகிறேன்.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஓவர்லாக் டெய்லர். கணவன் இல்லை, ஒரே மகள். அவர்கள் குடியிருந்தது ஒரு வளவு. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன வீடுகள், முன்னால் சிமென்ட் வாசல், ஒரு குழாய், ஒரு துவைகல், குறுக்கும் நெடுக்குமாகத் துணி காயப்போடும் கம்பிகள். வாசலின் மேற்குக் கோடியில் வளவுக்காரர் நாச்சிமுத்துவின் மாடி வீடு. மகன் கம்பெனி நடத்துகிறார். மனைவி காலமாகிவிட்டதால், பகல் முழுக்க நாச்சிமுத்து தனியாகத்தான் இருப்பார்.

வளவில் எல்லாரும் பனியன் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். குப்பை வண்டி வருவதோ அவர்கள் போன பிறகு. பிறகு என்ன செய்வார்கள்? பையில் கட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் வீசிவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். மனைக்காரர் வந்து நாச்சிமுத்துவிடம் சண்டை போட்டார். நாச்சிமுத்து ஒரு நாள் விடியற்காலையில் சுவரோரம் காத்து நின்றார். பையும் கையுமாக முதலில் வந்தவள் எஸ்தர். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி என்பார்களே, அதுதான்.

“கண்ணு, இனி ஒரு பை அக்கட்டால விழுந்தாலும் நீங்க வேற ஊடு பாத்துக்கோணுமுங்க. வருத்தப்பட்டுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார்.

அவள்தான் நம் ஆபீஸைத் தேடி வந்து தொட்டி கேட்டாள். எனக்கு முன்னால் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், இரண்டு நீல டிரம்களை ஓட்டை போட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். குளுகுளுவென்று நிழலான இடம். எஸ்தர் வீட்டுக்கு வீடு போய், எது போடலாம், எது கூடாது என்று சொல்லிவைத்தாள். கடைசி வீட்டில் தங்கியிருந்த பீகார் பையன்களுக்குக் கையைக் காலை ஆட்டிச் சைகையிலேயே புரியவைத்தாள். தை மாதம் முழுக்க ஒரு பைகூடச் சுவரைத் தாண்டவில்லை.

மாசி பிறந்தது. பிடித்தது வினை. போட்டது எதுவும் மக்கவில்லை. வாழைப்பழத் தோல் வார் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. பழைய சோறு மறுபடியும் அரிசியாகிவிட்டது. நான் பொறுப்புக்கு வந்திருந்த நேரம் அது. வளவுக்காரர்கள் வீட்டில் இருப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால், ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன். நிழல் இருக்கிறது, காற்று ஓட்டம் இருக்கிறது, பிறகு ஏன் மக்கவில்லை? மக்குவதற்காக ஊற்றும் மோர் போதவில்லை என்று நினைத்து ஊத்துக்குளியிலிருந்து நன்றாகப் புளித்த மோர் வரவழைத்து ஊற்றினேன். எஸ்தர் தன் பங்குக்குத் தினமும் வேலை விட்டு வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். மேலே காய்ந்த சருகு, கீழே நாறும் சகதி. நாற்றம் கிளம்பியதும் சண்டையும் கிளம்பியது. பீகார் பையன்கள் போடும் மீன் முள்தான் காரணம் என்றது ஒரு வீடு. தெற்கத்திக்காரர்கள் புளிக்குழம்பைக் கொட்டுகிறார்கள் என்றது இன்னொரு வீடு. டிரம் இரண்டும் நிரம்பிவிட்டதால் புதுக் கழிவைப் போட இடமில்லை. ஒரு வீட்டிலிருந்து பை சுவரைத் தாண்டியது. மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து.

நாச்சிமுத்து எஸ்தரைக் கூப்பிட்டார். மாசக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைத் தேடி ஓடி வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

“யக்கா, எனக்கு வீடு மாத்துறது ஒண்ணும் புதுசு இல்ல. இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து சட்டியும் பானையுமா மாத்திக்கிட்டேதான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குப் படிப்பு போச்சு. இப்பதான் ஒரு எடத்துல உக்காந்து படிக்கா. பரீட்சைக்கு முன்னால எங்கன்னு தூக்கிட்டுப் போவேன், சொல்லுங்க? ஒங்க டிரம்மை எடுத்துருங்க. நான் அவரு கால்ல விழுந்து கேட்டுக்கிடுதேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கூடுதலாக வந்தது. “டிரம்மை எடுத்துட்டா நாளைக்குக் குப்பையை எங்க போடுவ? மறுபடியும் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே? கால்ல விழுறதெல்லாம் வேண்டாம். நான் வாரேன், போ” என்றேன். அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆபீஸிலும் டிரம்மைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். கெட்ட பெயர் வேண்டாம், வேறு நல்ல இடமாகப் பார்த்து வைப்போம் என்றார்கள். உங்களுக்கும் இதே யோசனை சொல்லப்படும். கேட்க இதமாகத்தான் இருக்கும். நம் பெயர் பிழைத்துக்கொள்ளும், அவள் வீடு போய்விடும். முடியாது என்றேன். எனக்கு ஒரு வேலை நாள் கொடுங்கள், பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

உச்சி வெயிலில் போனேன். கேட் சும்மா சாத்தியிருந்தது. வாசலில் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. மாடி வீட்டில் நாச்சிமுத்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம். நேராகப் போய் டிரம் மூடியில் கை வைத்தேன். அய்யோ! கையை உதறிக்கொண்டேன். தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது. நிழலைக் காணோம். போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று, என்ன குளுமை என்று நானே சொன்னேனே?

நிமிர்ந்து பார்த்தேன். கம்பிகள் வெறுமனே இருந்தன. நாலைந்து கிளிப்புகள் மட்டும் தொங்கின.

அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த ஊரே துவைக்கும். வாரம் முழுக்கச் சேர்ந்த சேலை, லுங்கி, போர்வை எல்லாம் அன்றைக்குக் கம்பியில் ஏறும். வாசலே பந்தல் போட்ட கல்யாண வீடாகிவிடும். டிரம்மை வைத்தவர் போனதும் ஞாயிறு, நான் போனதும் ஞாயிறு. நாங்கள் பார்த்தது மரத்து நிழலும் அல்ல, சுவரின் நிழலும் அல்ல, போர்வை நிழல். பொழுதோடு துணியை மடித்து எடுத்தால் நிழலும் சேர்ந்து வீட்டுக்குள் போய்விடும். மற்ற நாளெல்லாம் அந்த டிரம் வெட்டவெளியில் வெந்திருக்கிறது. குடியிருந்தவர்களுக்கும் இது தெரிய வழியில்லை. அவர்கள் தங்கள் வாசலின் மத்தியான வெயிலைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். செக்கிங் காலத்து மார்க்கிங் சாக் ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும். வெயில் நகர நகர, நிழலின் ஓரத்தில் சிமென்ட் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வாசல் முழுக்கக் கோடு. வெளியில் வந்த நாச்சிமுத்து திகைத்துப்போனார்.

“ஏனுங்க அம்மிணி, இந்த வெயில்ல எதுக்குங்க குக்கிட்டு இருக்கறீங்க? என்னுங்க இது, பாண்டி ஆடறக்குக் கோடு போட்டிருக்கறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். கம்பியைக் காட்டினேன். டிரம் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

“எங்க காட்டுல எருக்குழி வெட்டவெளியிலதானுங்க கெடக்குது. அது மக்கலீங்களா?”

“அது பெரிய குழிங்க ஐயா. மேலாக்கக் காஞ்சாலும் உள்ளுக்குள்ள ஈரம் நிக்கும். இது இத்தினியூண்டு டிரம். வெயிலு நாலு பக்கமும் பிடிச்சுக்குது. உள்ள இருக்கற உசுரெல்லாம் செத்துப்போகுதுங்க.”

அவர் யோசித்தார். “அப்படீன்னா பாத்ரூமுக்குப் பொறகால தள்ளிருங்க. அங்க எப்பவும் நெழலுதானுங்க. யாரு கண்ணுலயும் படாது.”

பிள்ளைகளே, நான் சறுக்கியிருக்கக்கூடிய இடம் இதுதான். பிரச்சினை தீர்ந்தது என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வளவுக்காரரே வாய் திறந்து இடம் கொடுக்கிறார், வேறென்ன வேண்டும்? ஆனால் என் கண் முன்னால் சாமளாபுரத்துப் புழு ஊர்ந்துகொண்டிருந்தது. வெயிலில் வெந்ததைக் கொண்டுபோய் இருட்டில் ஊறப்போட்டால், பங்குனியில் தப்பினாலும் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்வோம். அப்போதும் எஸ்தர் தலைதான் உருளும்.

“ஆகாதுங்க ஐயா” என்றேன். “வெடியால கொஞ்ச நேரம் வெயிலு படோணும். ஏறுன பொறகு நெழலு வரோணும். அப்படி ஒரு எடந்தானுங்க வேணும்.”

“அது எங்கீங்க இருக்குது?”

நான் போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். அந்த வாசலில் அப்படி ஓர் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய மாடி வீட்டின் கிழக்குச் சுவரடி. பால்கனிக்குக் கீழே, அவர் தினமும் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில். காலை வெயில் சாய்வாக வந்து விழும். சூரியன் ஏறினால் பால்கனி மறைத்துக்கொள்ளும். பிற்பகல் முழுக்க வீட்டின் நிழல்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “என்ர ஊட்டு வாசல்லயா குப்பைய வெக்கச் சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“நாறுச்சுன்னா?”

“மொதல்ல உங்களுக்குத்தானுங்க தெரியும். பகல்ல இங்க இருக்கற ஒரே ஆளு நீங்கதான். நல்லாப் பக்குவமா மக்குனா நாறாதுங்க ஐயா. நாறுனா நீங்களே வெளிய தள்ளிருங்க.”

நாற்காலியையும் சுவரடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார். “சரிங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். மாசக் கடைசிக்குள்ள என்ர மூக்குக்கு ஒரு வாட்டி நாத்தம் வந்தாலும் டிரம்மும் போகோணும், அந்தப் பொண்ணும் போகோணும். கால்ல விழுந்தாலும் கேக்க மாட்டனுங்க.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். பந்தயம் வைக்க அது என் வீடு இல்லையே. தோற்றால் நான் என் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுப் படுப்பேன். அவள் எங்கே போவாள்? ஒரு நிமிஷம் இருங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு எஸ்தருக்குப் போன் போட்டேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒன்று விடாமல் சொன்னேன். தோற்றால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தினாள். பிறகு அவள் குரல் வந்தது.

“வையுங்க யக்கா. அவரு மூக்குக்குக் கீழயே வையுங்க. நாத்தம் வராமப் பாத்துக்கிட வேண்டியது என் பொறுப்பு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வளவே இறங்கி வேலை செய்தது. டிரம் இரண்டையும் கவிழ்த்து, மேலே இருந்த சருகையும் கீழே இருந்த சகதியையும் ஒன்றாகக் கலந்தோம். பீகார் பையன்கள் நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார்கள். உடுமலைப்பேட்டை தென்னந்தோப்பிலிருந்து வந்த நார்த்தூளை இடையிடையே அடுக்கினோம். பிழிந்தால் ஒரு சொட்டு வர வேண்டும், இரண்டு சொட்டு வரக்கூடாது என்று எஸ்தர் ஒவ்வொரு பிடியாகப் பிழிந்து பார்த்தாள். அவள் மகள் படிப்பை விட்டு உதவிக்கு வந்தாள். போய்ப் படி என்று அம்மா போட்ட அதட்டலில் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் வேகமாக வேலை செய்தோம். பிறகு டிரம்களை நாச்சிமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். அவர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. போன் மணி அடித்தாலே நாற்றம் வந்துவிட்டதோ என்று பாய்ந்து எடுப்பேன். மூன்றாம் நாளே அவர் கூப்பிட்டார்.

“அம்மிணி, உள்ள கை வெச்சுப் பாத்தனுங்க. காச்சலாட்டச் சுடுதுங்க. வெயிலுதான் படலியே, பின்ன ஏனுங்க சுடுது?”

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். “ஐயா, அது நல்ல சூடுங்க. உள்ள வேலை நடக்குது. வெளிய இருந்து சுட்டாத்தானுங்க கேடு.”

அடுத்த வாரம், “அரை அடி எறங்கிருச்சுங்க” என்று அவரே கூப்பிட்டார். அதற்கடுத்து, ஒரு வீட்டில் சாம்பாரைத் தண்ணீரோடு கொட்டிவிட்டதாகப் புகார் செய்தார். அட்டைத் துண்டு தீர்ந்துவிட்டது, பையன்களிடம் சொல்லுங்கள் என்றார். என் போனில் என் மகனைவிட அதிகம் கூப்பிட்டவர் அவராகத்தான் இருப்பார்.

மாசக் கடைசி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் விடிந்ததும் போய்விட்டேன். எஸ்தர் துவைகல்லில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய போர்வை ஒன்றைப் பிழிந்து, மேற்குக் கோடிக் கம்பியில் உதறிப் போட்டாள்.

“ஏனுங்க!” என்று மாடி வீட்டுப் பக்கமிருந்து ஒரு கத்தல். நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். எஸ்தரின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. நான் வாசலைக் கடந்து ஓடினேன்.

“அங்க போட்டா வெடியால வெயிலு தொட்டிக்கு எப்படீங்க வரும்? மறைக்குதல்லங்க! அக்கட்டால தள்ளிப் போடுங்க கண்ணு, சித்த நேரந்தான் அதுக்கு வெயிலே!”

நான்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, இன்னைக்கு மாசக் கடைசிங்க” என்றேன்.

“அதுக்கென்னுங்க இப்போ?” என்றார். பிறகு எஸ்தர் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “பாப்பா படிச்சுட்டு இருக்குதுங்களா? பரீச்ச நேரம், நான் வேற கத்திப்போட்டேன்.”

எஸ்தர் ஒரே இழுப்பில் போர்வையைக் கம்பியின் அடுத்த கோடிக்குத் தள்ளினாள். வெயில் தொட்டிமேல் விழுந்தது.